'போனவில்லை' என்று யாராவது சொல்வோமா? ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆங்கிலம் வர வேண்டுமா? முதலில் தமிழில் யோசிப்பதை நிறுத்து." இந்த அறிவுரையைக் கேட்காமல் ஆங்கிலம் படித்தவர்கள் குறைவு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தமிழில் யோசிப்பதால் வரும் தவறுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தமிழைக் கொஞ்சம் உற்றுக் கவனித்திருந்தால் வந்தே இருக்காத தவறுகளும் நிறைய இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிடுவோம்.

'டிட் யூ வென்ட்?', 'ஐ டிட் நாட் சா ஹிம்' என்று எழுதுபவர்கள் ஏராளம். நடந்து முடிந்த விஷயம்தானே, வினைச்சொல்லும் இறந்த காலத்தில் இருக்கட்டும் என்ற நினைப்பு. இப்போது தமிழுக்கு வாருங்கள். 'போனேன்' என்பதற்கு எதிர்மறை என்ன? 'போகவில்லை'. 'போனவில்லை' என்று குழந்தைகூடச் சொல்லாது. 'இல்லை' வந்து ஒட்டியதும், 'போ' தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் 'போக' என்று நின்றுவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதே கதைதான். காலத்தைச் சுமக்க 'டிட்' வந்துவிட்டால் அடுத்த வினை வெறும் 'கோ', வெறும் 'சீ'. 'டஸ்' வந்தாலும் இப்படித்தான். 'ஷீ கோஸ்' சரி. 'ஷீ டஸ் நாட் கோஸ்' தவறு. அந்த 'எஸ்' ஏற்கெனவே 'டஸ்'ஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அந்த 'எஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றுகிற மொழி நம்முடையது. 'அவள் வருகிறான்' என்று நாம் தூக்கத்தில்கூட உளற மாட்டோம். ஆங்கிலமோ நிகழ்காலத்தில் ஒரே ஒரு இடத்தில்தான், ஹீ, ஷீ, இட் வரும்போது மட்டும்தான், வினையின் வாலில் ஏதாவது சேர்க்கச் சொல்கிறது. அதையும் விட்டுவிட்டு 'ஷீ கம் டெய்லி' என்கிறோம். சோம்பல்தான், வேறென்ன.

அடுத்தது 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பம். 'சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று விண்ணப்பக் கடிதங்களில்கூடப் பார்க்கிறேன். தமிழில் எப்படிச் சொல்வோம்? '5 ஆண்டுகளாக வேலை செய்கிறேன்', '2019இலிருந்து வேலை செய்கிறேன்'. கால அளவுக்கு 'ஆக', தொடங்கிய புள்ளிக்கு 'இலிருந்து'. 'ஆக' வந்தால் 'ஃபார்', 'இலிருந்து' வந்தால் 'சின்ஸ்'. இதற்குத் தனியாக மனப்பாடம் எதுவும் வேண்டாம். வினையில் மட்டும் தமிழை நம்பாதீர்கள். நாம் 'செய்கிறேன்' என்று நிகழ்காலத்தில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்துக்கு 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும்.

'ஐ ஆம் நோயிங் ஹிம்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்'. இந்த 'இங்' மோகத்துக்குத் தமிழ்மேல் பழி போடுவார்கள். பாதிப் பழி நியாயம். 'தினமும் போய்க்கொண்டிருக்கிறேன்' என்று நாம் சொல்வதால்தான் 'ஐ ஆம் கோயிங் டெய்லி' வருகிறது. அன்றாடப் பழக்கத்துக்கு 'ஐ கோ' போதும். ஆனால் 'எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று நாம் சொல்வதுண்டா? 'எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்போமா? தெரிவது, புரிவது, பிடிப்பது, உறவாக இருப்பது எல்லாம் நிலைகள். அவற்றைச் செயல்போல நீட்ட முடியாது என்பது தமிழ்க் காதுக்கே தெரியும்.

தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால் 'எ', 'த' நமக்கு வராது என்பார்கள். அதையும் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால், எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்கு ஏற்கெனவே தெரியும். அந்த 'ஐ' உருபு செய்கிற வேலையில் ஒரு பகுதியைத்தான் 'த' செய்கிறது. முதல் வாக்கியம் 'ஐ பாட் எ புக்', இரண்டாவது 'ஐ பாட் த புக்'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. மனிதர்களைச் சொல்லும்போது 'ஐ' எப்படியும் வந்துவிடும். எழுவாயாக நிற்கும் சொல்லுக்கு 'ஐ' வரவே வராது. இருந்தாலும் 'த' என்றால் என்ன உணர்வு என்பதைப் பிடிக்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

'எ'யா, 'ஆன்'னா என்ற கேள்வியில் தமிழ் எழுத்து இன்னும் நேரடியாகவே உதவும். ஆங்கில எழுத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான் தவறு. ஒலியைத்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'ஹெச்'சில் தொடங்கும் 'ஹானஸ்ட்' என்று தப்பாக உச்சரிக்காமல், 'ஆனஸ்ட்' என்று ஒழுங்காக எழுதினால் முதலில் உயிரெழுத்து, எனவே 'ஆன் ஆனஸ்ட் மேன்'. 'யூ' என்ற எழுத்தில் தொடங்கும் 'யூனிவர்சிட்டி'யில் முதலில் உயிர்மெய், எனவே 'எ யூனிவர்சிட்டி'. 'எம்.எல்.ஏ.' என்றால் 'ஆன்'. இந்த வித்தை சறுக்கும் இடம் 'ஒன்'. நாம் 'ஒ' போட்டு எழுதினாலும் ஆங்கிலத்தில் அது 'வ'வில் தொடங்கும் ஒலி. எனவே 'எ ஒன்-டே மேட்ச்'.

சரி, இதுவரை தமிழுக்காக வாதாடியாயிற்று. இனி அது மாட்டிவிடும் இடங்கள்.

பெரிய குற்றவாளி 'எனக்கு'. எனக்குச் சொல், எனக்குக் கொடு, எனக்கு விளக்கு: எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே 'கு' உருபு போதும். அதனால் 'கிவ் மீ', 'டெல் மீ' சரியாக இருக்கும்போது 'எக்ஸ்ப்ளெய்ன் மீ'யும் சரி என்று தோன்றுகிறது. 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்றுதான் வரும். 'சே மீ' வராது, 'சே டு மீ'. 'சஜஸ்ட் மீ எ புக்' வராது, 'சஜஸ்ட் எ புக் டு மீ'. இதேபோல 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதிலுள்ள 'பற்றி', 'டிஸ்கஸ்'ஸுக்குப் பின்னால் 'அபௌட்' ஆகி ஒட்டிக்கொள்கிறது. டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. 'வி டிஸ்கஸ்ட் த ப்ளான்', அவ்வளவுதான். 'அவரோடு திருமணம்' என்பதால் 'மேரீட் வித்' வருகிறது. 'மேரீட் டு' என்பதே சரி.

அப்புறம் நம் 'தான்'. 'நேற்றுத்தான் சொன்னேன்' என்பது 'ஐ டோல்ட் யூ யெஸ்டர்டே ஒன்லி' ஆகிவிடுகிறது. 'ஒன்லி' என்றால் 'மட்டும்'. அழுத்தம் கொடுக்க ஆங்கிலத்தில் குரலை உயர்த்துவார்கள், அல்லது 'ஜஸ்ட் யெஸ்டர்டே' என்பார்கள். 'இல்லையா?' இன்னொன்று. நமக்கு எந்த வாக்கியத்தின் முடிவிலும் அது போதும். ஆங்கிலத்தில் 'யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?' என்று கேட்கக் கூடாது. முன்னால் 'யூ ஆர்' வந்தால் பின்னால் 'ஆரின்ட் யூ?'.

'அவர் எங்கே இருக்கிறார்?' என்ற கேள்வியை 'என்று தெரியவில்லை'யோடு சேர்த்தால் தமிழில் உள்ளே எதுவும் நகராது. ஆங்கிலத்தில் நகரும். 'வேர் இஸ் ஹீ?' என்பது தனிக் கேள்வி. 'ஐ டோன்ட் நோ' முன்னால் வந்துவிட்டால் 'வேர் ஹீ இஸ்'. நன்றாகப் பேசுபவர்களும் தடுக்கி விழும் இடம் இது.

'எல்லோரும் வந்தார்கள்' பன்மை. 'எவ்ரிஒன்' ஒருமை, 'எவ்ரிஒன் ஹேஸ் கம்'. தகவல்கள், அறிவுரைகள் என்று நாம் பன்மை போடுவதை நம்பி 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' என்று எழுத வேண்டாம். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று நிறுத்தவும் வேண்டாம். பலரில் ஒருவர் என்பதால் அது 'ஃப்ரெண்ட்ஸ்'.

இலக்கணத்தைவிடச் சொற்கள் தரும் ஆபத்து அதிகம், ஏனென்றால் அங்கே தவறு கண்ணுக்குத் தெரியாது. 'கேள்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலம் ஹியர், லிசன், ஆஸ்க் என்று மூன்றாக உடைக்கிறது. காதில் விழுவது, காது கொடுப்பது, வினவுவது. 'பார்' என்பதும் சீ, லுக், வாட்ச் என்று பிரியும். நான் சூடுபட்டது 'சந்தேகம்' என்ற சொல்லில். ஒருவர் அனுப்பிய அறிக்கையில் எனக்கு ஓர் இடம் புரியவில்லை. 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ரிப்போர்ட்' என்று எழுதிவிட்டேன். ஆங்கிலமே தாய்மொழியான அவர், நான் அந்த அறிக்கையை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டு, கணக்குகளையெல்லாம் மறுபடி சரிபார்த்து அனுப்பினார். நான் கேட்க நினைத்தது ஒரு சின்ன விளக்கம். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்றிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

இனி அணிகள். ஆங்கிலத்தில் 'ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்' என்று பட்டியல் நீட்டியதும் பயப்படுகிறோம். தொல்காப்பியம் உவமைக்கென்றே ஓர் இயல் ஒதுக்கிய மொழியில் பிறந்துவிட்டு இதற்கெல்லாம் பயப்படலாமா?

சிமிலி என்றால் உவமை, மெட்டஃபர் என்றால் உருவகம். இதில் சிக்கல் இல்லை. தமிழில் 'தாமரைமுகம்' உவமை, 'முகத்தாமரை' உருவகம். சொற்களை இடம் மாற்றியே வேறுபடுத்திவிடுவோம். ஆங்கிலத்தில் 'லைக்', 'ஆஸ்' இருந்தால் சிமிலி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மாணவர்கள் சறுக்குவது அங்கேதான். 'ஷீ லைக்ஸ் ம்யூசிக்' என்பதில் லைக் இருக்கிறது, அங்கே ஒப்பீடே இல்லை. 'ஷீ லுக்ஸ் லைக் ஹெர் மதர்' என்பதில் ஒப்பீடு இருக்கிறது, ஆனால் அணி இல்லை. மகளையும் தாயையும் ஒப்பிடுவது வெறும் தகவல். வேறு வேறு இனமான இரண்டு பொருள்கள் ஒரு குணத்தில் சந்திக்க வேண்டும். 'ஹீ ஃபாட் லைக் எ லயன்' அப்படிப்பட்டது. (அம்மாவை 'உரித்து வைத்திருக்கிறாள்' என்று நாம் சொல்வது மட்டும் அணிதான், அதுவும் என்ன அணி!) 'ஹீ வொர்க்ஸ் ஆஸ் எ டீச்சர்' என்பதும் உவமை இல்லை. அவர் ஆசிரியராகவே வேலை செய்கிறார். 'ஹீ டாக்ஸ் லைக் எ டீச்சர்' என்றால் ஆசிரியர் போலப் பேசுகிறார், ஆசிரியர் இல்லை. 'ஆக' வரும் இடத்தில் 'ஆஸ்', 'போல' வரும் இடத்தில் 'லைக்'.

மெட்டானிமி, சினெக்டகி என்ற பெயர்களைக் கேட்டாலே நாக்கு சுளுக்கும். இரண்டும் நம் ஆகுபெயர் வீட்டுப் பிள்ளைகள். 'உலகம் சிரிக்கும்' என்றால் உலகத்து மக்கள் சிரிப்பார்கள், இடவாகுபெயர். அரசாட்சியைக் குறிக்க 'த க்ரவுன்' என்பது இந்த வகை, மெட்டானிமி. 'தலைக்கு ஒன்று கொடு' என்றால் ஆளுக்கு ஒன்று, சினையாகுபெயர். தொழிலாளர்களை 'ஹேண்ட்ஸ்' என்பது அதேதான், சினெக்டகி. தொடர்புடைய வேறு ஒன்று வந்தால் முன்னது, உறுப்பு முழுமைக்காக வந்தால் பின்னது. முழுமையின் பெயர் உறுப்புக்கு வருவதும் சினெக்டகிதான்.

உயிரில்லாதது ஏதாவது செய்தால் உடனே 'பெர்சனிஃபிகேஷன்' என்று எழுதிவிடுவதும் வழக்கம். காற்று கிசுகிசுத்தது என்றால் சரி, அது மனிதச் செயல். காற்று ஊளையிட்டது என்றால்? ஊளையிடுவது நரியும் ஓநாயும். அதை உருவகம் என்பதே பொருத்தம். 'ஆக்சிமோரன்' வேண்டுமென்றால் முரணான இரண்டு சொற்கள் ஒட்டி நிற்க வேண்டும், 'ஓபன் சீக்ரெட்' போல. 'மேன் ப்ரபோசஸ், காட் டிஸ்போசஸ்' என்பதில் எதிரெதிர்த் தொடர்கள் சமமாக நிற்கின்றன, அது 'ஆன்டிதீசிஸ்'.

அலிட்டரேஷன் ஏறத்தாழ நம் மோனை. இதிலும் எழுத்தைப் பார்த்துத்தான் ஏமாறுகிறோம். 'கேட்' என்ற பூனையும் 'சிட்டி'யும் ஆங்கிலத்தில் 'சி' என்ற ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அவற்றுக்கிடையே மோனை இல்லை. 'கிங்' வேறு எழுத்தில் தொடங்கினாலும் அந்தப் பூனையோடு மோனை உண்டு. முன்னே சொன்ன வித்தைதான்: தமிழில் எழுதிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

'ஹைப்பர்பொலி' என்னும் உயர்வு நவிற்சி நமக்குத் தாராளமாகவே வரும், அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வராதது அதன் எதிர்ப்பக்கமான 'லைட்டோட்டீஸ்'. ஒன்றைப் பாராட்ட, அதன் எதிர்ப்பதத்தை மறுத்துச் சொல்வது. நீங்கள் மாய்ந்து மாய்ந்து எழுதியதைப் படித்துவிட்டு ஓர் ஆங்கிலேயர் 'நாட் பேட்' என்றால், நம் காதில் அது 'சுமார்' என்று விழுகிறது. நம்மிடம் இதற்குச் சமமான சொல் இல்லாமல் இல்லை. சுலபத்தில் எதையும் பாராட்டாத ஒரு பெரியவர் தலையை ஆட்டி, 'பரவாயில்லையே' என்று அந்த ஏகாரத்தை இழுப்பாரே, அதுதான் இது.