எல்.டி.எல். கூடினால் கடலை: கடலோர வீடுகளுக்கு ஒரு வழிமுறை

கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். கூடியிருக்கிறது என்றதும் பாதாம் வாங்க ஓட வேண்டியதில்லை. சந்தை நிலக்கடலையே போதும். பாதாம், அக்ரூட், பிஸ்தா, கடலை எல்லாவற்றிலும் நிறைவுறாக் கொழுப்பும் நார்ச்சத்தும் தாவர ஸ்டெரால்களும் உண்டு. இந்த ஸ்டெரால்கள் குடலில் கொலஸ்ட்ராலோடு போட்டி போட்டு, அது ரத்தத்தில் சேர்வதைக் குறைக்கின்றன. 2010இல் 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாளுக்குச் சராசரி 67 கிராம் கொட்டைப் பருப்பு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 100 மி.லி. ரத்தத்துக்குச் சுமார் 10 மி.கி. இறங்கியிருந்தது. ஆனால் 67 கிராமில் 400 கலோரி வரை வந்துவிடும். அதனால் 30 கிராமில் தொடங்குங்கள். இறக்கம் அதற்கேற்பக் குறைவாகத்தான் இருக்கும்.

கைப்பிடிக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். தோடு நீக்கிய கடலை 210 கிராம் நிறுத்து வாங்கி, ஏழு பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று.

இனி முக்கியமானது. வழக்கமாகச் சாப்பிடுவதோடு கடலையையும் சேர்த்துக்கொண்டால் எடைதான் ஏறும். எதையாவது எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடலையை வைக்க வேண்டும். ராமேஸ்வரம் முதல் தொண்டி வரை எடுக்க வேண்டியது பெரும்பாலும் இரண்டு: சாயங்கால எண்ணெய்ப் பலகாரம், காலைத் தேங்காய்ச் சட்னி. 100 கிராம் தேங்காயில் 33 கிராம் கொழுப்பு. அதில் 30 கிராம் எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைவுற்ற வகை. கடலையில் மொத்தக் கொழுப்பு 49 கிராம் இருந்தாலும் அந்த வகை 7 கிராம்தான். ஆகவே தேங்காயைக் கொட்டைப் பருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சட்னியை மாற்றுவது எளிது. நாலு பேருக்கு வறுத்த கடலை 60 கிராம், முண்டு வத்தல் நாலு, பூண்டு இரண்டு பல், சுண்டைக்காய் அளவு புளி, கொஞ்சம் உப்பு. தண்ணீர் விட்டு அரையுங்கள். தாளிப்பதானால் ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு மேல் வேண்டாம். ஆளுக்கு 15 கிராம் கடலை இதிலேயே போய்விடும். அன்றைய பொட்டலத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வறுக்க இரும்புச் சட்டி, சிறு தீ, எண்ணெய் கிடையாது. கை விடாமல் கிளறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தோல் வெடித்துப் படபடக்கும். அப்போதே இறக்கிவிடுங்கள், சட்டிச் சூட்டிலேயே மீதி பக்குவம் வந்துவிடும். கருகும்வரை விட்டால் கசக்கும். தாம்பாளத்தில் பரப்பி முழுக்க ஆறவிட்ட பிறகே டப்பாவில் போடுங்கள். சூடாக அடைத்தால் உள்ளே வியர்த்து, மறுநாளே நமத்துப் போகும். உப்புக் காற்று ஊரில், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில், ஒரு வாரத்துக்கு மேல் வறுத்து வைக்காதீர்கள். சிக்கு வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.

அதைவிட ஆபத்து பூஞ்சணம். ஈரத்தில் கிடந்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுக்க அழியாது. சுருங்கியது, கறுத்தது, பச்சை படர்ந்தது எல்லாவற்றையும் வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறியுங்கள். வாயில் போட்டது கசந்தால் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம்.

அவித்த கடலையும் நல்லதுதான். ஆனால் 30 கிராம் என்பது ஊறவைக்கும் முன் உள்ள எடை. அவித்ததை அன்றைக்கே தின்று முடியுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பிஸ்தா, முந்திரி டப்பாக்கள் பெரும்பாலும் உப்பிட்டவை. கருவாடும் ஊறுகாயும் உள்ள சாப்பாட்டில் ஏற்கெனவே உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாததாகக் கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். கடலை மிட்டாய் இந்தக் கணக்கில் வராது; அதன் வெல்லப்பாகு ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பை ஏற்றும்.

கடலை தின்று உதடு வீங்கினாலோ மூச்சு இறைத்தாலோ அது ஒவ்வாமை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். கடலையில் பொட்டாசியமும் பாஸ்பரசும் அதிகம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

மூன்று மாதம் விடாமல் சாப்பிட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை எடுங்கள். எல்.டி.எல். இறங்கியிருந்தாலும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தாளை மருத்துவரிடம் காட்டுங்கள், அளவைக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.