மழைக்காலத்தில் டர்போ பம்புக்குக் காற்று விடுவது

இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கி துலா மழை (வடகிழக்குப் பருவமழை) ஓயும் வரை கன்னியாகுமரி மாவட்டத்து ஆய்வகங்களில் ஈரம் குறைவதில்லை. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீர் இருக்கும். டர்போ பம்ப் என்பது வேகமாகச் சுழலும் இலைகளால் சேம்பரிலிருந்து, அதாவது மூடிய கலத்திலிருந்து, வாயுவை இழுத்து வெற்றிடம் உண்டாக்கும் கருவி. வேலை முடிந்து திறக்கும் முன் அதற்குள் மறுபடி வாயு விட வேண்டும். 50 லிட்டர் சேம்பரை அந்தக் காற்றால் நிரப்பினால் ஒரு கிராமுக்கு மேல் நீராவி உள்ளே போகிறது. அதில் ஒரு பங்கு சுவரில் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை வெற்றிடம் இழுக்கும்போது மணிக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறும். பலர் அதைக் கசிவு என்று நினைத்து நல்ல ஓ-ரிங்கையே (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் அறைக் காற்றை விடாதீர்கள்; உலர் நைட்ரஜன் விடுங்கள்.

முதலில் அயன் கேஜின் (வெற்றிடத்தின் அழுத்தத்தை அளக்கும் கருவி) சூடான இழையை அணையுங்கள். சூடான சாம்பிள் ஆறட்டும். பிறகு டர்போவை நிறுத்தி, பேக்கிங் பக்க வால்வை, அதாவது டர்போவின் பின்னால் இருந்து வாயுவை வெளியே இழுக்கும் ரோட்டரி பம்பின் பக்கமுள்ள வால்வை, மூடுங்கள். ரோட்டர் (இலைகள் உள்ள சுழலும் பகுதி) முழுதும் நிற்கும் வரை காத்திருக்க வேண்டாம். சின்ன பம்புகள் நிமிடத்துக்கு 60,000 முதல் 90,000 சுற்று வரை சுழல்பவை. வேகம் பாதியாகும்போது வாயுவைத் திறந்தால், சுழலும் இலைகள் எண்ணெய் ஆவியைப் பின்னால் வர விடாது. வெற்றிடத்திலேயே நிற்க விட்டால் ரோட்டரி பம்பின் எண்ணெய் மணம் சேம்பருக்கே ஏறிவிடும்.

வாயுவை பம்பின் வென்ட் துளை (வாயு உள்ளே விடும் துளை) வழியாகவோ சேம்பர் பக்கமிருந்தோ விட வேண்டும். பேக்கிங் பக்கக் குழாய் வழியே மட்டும் விடவே கூடாது: எண்ணெயும் தூசும் மேலே வரும், ரோட்டரும் எதிர்த்திசையில் தள்ளப்படும். எவ்வளவு வேகமாக விடலாம் என்பது பம்பின் கையேட்டில் இருக்கும். அது கையில் இல்லையென்றால் ஊசி வால்வு வைத்து, வளிமண்டல அழுத்தம் வர இரண்டு நிமிடமாவது ஆகும்படி விடுங்கள். திடீரென்று விட்டால் இலைகள் வளையும். ரோட்டரைக் காந்தத்தால் மிதக்கவிடும் காந்தத் தாங்கி உள்ள பம்பில் ரோட்டர் அவசரத் தாங்கியில் இடிக்கும். அந்த இடி சில முறைதான் தாங்கும்.

நைட்ரஜன் சிலிண்டரில் 150 பார் அழுத்தம் இருப்பதை மறக்க வேண்டாம். அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் 0.2 பாரில் இருந்தாலும், சேம்பர் வெளி அழுத்தம் தாங்கக் கட்டியது. உள்ளிருந்து தள்ளினால் கண்ணாடி ஜன்னல் தெறிக்கும். அழுத்தம் கூடினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு வையுங்கள். இல்லையென்றால் நைட்ரஜன் நிரப்பிய பெரிய ரப்பர் பை போதும். பை சுருங்கிக்கொண்டே வந்து, காலியாகும் முன்பே நின்றால் உள்ளேயும் வளிமண்டல அழுத்தம்தான். கேலியாகத் தோன்றும், ஆனால் இதைவிடப் பாதுகாப்பான ரெகுலேட்டர் கிடையாது. ரோட்டர் நின்றது உறுதியான பிறகே இணைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைக் கழற்றுங்கள்.

சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி, ஜன்னலைத் திறந்து வையுங்கள். மழைச் சாரலுக்குப் பயந்து எல்லாம் அடைத்த 3×3×3 மீட்டர் அறையில் ஒரு முழு சிலிண்டர், அதாவது சுமார் 7 கன மீட்டர் நைட்ரஜன், கசிந்தால் ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குப் போய்விடும். 19.5க்குக் கீழேயே ஆபத்து. மூச்சு முட்டும் எச்சரிக்கையும் வராது.

ஆக்சிஜன் அதிகமுள்ள வாயுவை இழுப்பதானால் பேக்கிங் பம்பில் கனிம எண்ணெய் கூடாது, தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் என்றால் வெளியேற்றக் குழாயை அறைக்கு வெளியே கொண்டுபோய், நைட்ரஜன் சேர்த்து அதன் அளவைக் காற்றில் தீப்பிடிக்கும் எல்லையான 4 சதவீதத்துக்கு வெகு கீழே வையுங்கள்.

இடியோடு கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களில் கரண்ட் போனதும் தானே திறந்து வாயு விடும் வென்ட் வால்வுக்குச் சில நொடி தாமதம் வையுங்கள். கண்சிமிட்டும் நேரக் கரண்ட் கட்டுக்கு பம்ப் தாங்கிக்கொள்ளும். தாமதம் இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்னலுக்கும் சேம்பர் நிரம்பி, நாள் முழுக்க இழுத்த வெற்றிடம் வீணாகும்.