ரஷினார்: ஒரு மலையடிவாரக் கிராமத்தின் வரலாற்றைத் தேடும் முறை

ருமேனியாவில் சிபியு நகருக்குத் தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில், சின்ட்ரெல் மலையடிவாரத்தில் இருக்கிறது ரஷினார். கவிஞர் ஒக்டாவியன் கோகா (1881), சிந்தனையாளர் எமில் சியோரான் (1911) இருவரும் பிறந்த ஊர்.

முதலில் ஊரின் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ருமேனியத்தில் ரஷினார், ஹங்கேரியத்தில் ரெஷினார், ஜெர்மனில் ஷ்டெட்டர்டோர்ஃப். 1918 வரை இப்பகுதி ஹாப்ஸ்பர்க் என்ற ஆஸ்திரிய அரச வம்சத்தின் ஆட்சியில் இருந்ததால், ஒரு பெயரை மட்டும் தேடினால் பாதி ஆவணங்கள் கைக்கு வராது.

அடுத்தது வரைபடம். 18ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் ராணுவம் வரைந்த ஜோசஃபின் வரைபடம் இணையத்தில் கிடைக்கிறது, அளவு 1:28,800. இன்றைய வரைபடத்தின்மேல் அதைப் பொருத்தும்போது சாலைகளை நம்ப வேண்டாம், அவை இடம் மாறியிருக்கும். தேவாலயத்தையும் ஓடைகள் கூடும் இடங்களையும் அடையாளப் புள்ளிகளாகப் பிடியுங்கள். அப்படியும் கொஞ்சம் விலகும். அக்கால அளவையின் குறை அது. மேலே புல்வெளி, கீழே குறுகலான விளைநிலம் என்று பார்த்தாலே இவ்வூர் ஏன் செம்மறி மேய்ப்பர்களின் ஊரானது என்பது புரியும்.

பிறப்பு, திருமணம், இறப்பு குறித்த தேவாலயப் பதிவேடுகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய ஏடுகளில் ருமேனிய மொழி, இன்றைய லத்தீன் எழுத்தில் அல்லாமல், ரஷ்ய மொழிக்குப் பயன்படும் சிரிலிக் வகை எழுத்தில் இருக்கும். முதலில் எண்களையும் மாதப் பெயர்களையும் படிக்கப் பழகுங்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பழைய ஏடுகளில் தேதி ஜூலியன் என்ற பழைய நாட்காட்டிப்படி. அதை இன்றைய நாட்காட்டிக்கு மாற்ற, 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாள் கூட்ட வேண்டும், 1900 மார்ச் முதல் 13. கோகா பிறந்த மார்ச் 20 இப்படித்தான் ஏப்ரல் 1 ஆகிறது. இரண்டு தேதிகளையும் குறித்து வையுங்கள்.