வன்னி வெயிலில் கறுப்புச் சொக்லேட் வார்ப்பது

கொக்கோ ஈரமும் நிழலும் தேடுகிற மரம், வன்னிக்குச் சரிவராது. மாத்தளை, கண்டிப் பக்கத்து விதையைப் புளிக்கவைத்துக் காயவிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வெட்டினால் உள்ளே மண்ணிறமாக இருக்க வேண்டும். சாம்பல் நிறமென்றால் புளித்தது போதாது. எவ்வளவு வறுத்தாலும் துவர்ப்புப் போகாது.

1 கிலோ விதையைக் கேக் சுடும் அவனில் 130 பாகை செல்சியஸில் 25 நிமிடமளவில் வறுங்கள். ஆறியதும் நொறுக்கிச் சுளகில் புடைத்துக் கோது நீக்கினால் ஏறக்குறைய 750 கிராம் பருப்பு மிஞ்சும். 70 வீதச் சொக்லேட்டுக்கு 700 கிராம் பருப்பும் 300 கிராம் சீனியும். பனங்கட்டி போட ஆசை வரும். வேண்டாம், அதிலுள்ள ஈரத்தில் எல்லாம் களியாக இறுகிவிடும்.

கல் கிரைண்டரில் 24 மணிநேரமாவது அரைபட வேண்டும். தோசை மா அரைக்கும் வீட்டு மோட்டார் இதைத் தாங்காது. நாள் முழுக்க ஓடவென்று செய்த வகையே வேண்டும். இடையில் கரண்ட் போனால் சொக்லேட் கல்லோடு இறுகும். அப்படியே சுவிட்சைப் போட்டால் மோட்டார் எரியும். முடி உலர்த்தும் கருவியால் இளக்கிவிட்டு ஓட்டுங்கள். இந்த நீண்ட பிசைவை 1879இல் சுவிஸின் பேர்ண் நகரில் தொடக்கிவைத்தவர் ரொடோல்ஃப் லின்ட். புளிப்பு மணம் பறந்து, கொழுப்பு ஒவ்வொரு துகளிலும் படிந்தது. அதுவரை சொக்லேட் வாயில் கரகரத்தது. 1899இல் அவர் தொழிலை ஸ்ப்ரூங்லி என்ற சொக்லேட் நிறுவனத்துக்கு விற்றார். கறுப்புக் கட்டிகளில் லின்ட் பெயர் இன்றும் நிற்கிறது.

கஷ்டமெல்லாம் வார்ப்பதில்தான். விதையிலுள்ள கொழுப்பான கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். பளபளப்பையும் 'டக்'கென்ற முறிவையும் தருவது ஐந்தாவது. 34 பாகைக்குக் கிட்ட உருகும். 50 வரை சூடாக்கி, மூன்றில் இரண்டு பங்கைப் பளிங்குக் கல்லில் பரப்பி 28க்கு ஆற்றுங்கள். மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 31–32இல் நிறுத்தி அச்சில் ஊற்றுங்கள். கூடிப்போய் 34ஐத் தாண்டினால் மறுபடி 50இலிருந்து தொடங்க வேண்டியதுதான். வெப்பமானி இல்லாமல் இறங்காதீர்கள்.

சோளகம் வீசும் ஆனி, ஆடிப் பகலில் கல்லே சுடும். சொக்லேட் 28க்கு இறங்காது. தை, மாசி விடியப்புறம்தான் தோது. அவசரத்துக்கு ஐஸ் தண்ணீரில் சட்டியை வைத்தால் ஒரு துளி தெறித்தாலே திரண்டுவிடும்.

கட்டியில் வெள்ளை படிந்தால் விரலால் தேயுங்கள். கரைந்தால் கொழுப்பு, உருக்கித் திரும்ப வார்க்கலாம். சொரசொரத்தால் ஈரம் பட்டுச் சீனி பூத்தது. அதைப் பாலில் கரைத்துக் குடியுங்கள். பிரிட்ஜில் வைப்பதென்றால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், டப்பாவின் குளிர் முழுக்கப் போகும்வரை விடுங்கள்.