வெயிலூரில் எலெக்ட்ரிக் கார் பேட்டரியைக் காப்பது எப்படி?

எலெக்ட்ரிக் கார் ஓட ஓடத்தான் பேட்டரி தேயும் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுத்தி வைத்த காரிலும் பேட்டரி தேய்ந்துகொண்டுதான் இருக்கும். முழுச் சார்ஜோடு வெயிலில் காய்ந்தால் அந்தத் தேய்மானம் வேகம் பிடிக்கும். மதுரையிலோ வேலூரிலோ மே மாதத்தில் கார் வைத்திருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

படி 1: உங்கள் பேட்டரி எந்த வகை?

காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இரண்டு வகைதான். டாடா நெக்ஸான், பிஒய்டி அட்டோ 3 போன்றவற்றில் இருப்பது எல்எஃப்பி எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஹூண்டாய் கோனாவில் இருப்பது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி.

என்எம்சி செல் முழுதாக நிரம்பும்போது 4.2 வோல்ட் வரை போகும். அந்த மின்னழுத்தத்தில் கிடந்தால் உள்ளிருக்கும் திரவம் மின்முனைகளோடு வினைபுரிந்து, அவற்றின் மேல் படிந்த படலம் தடித்து, லித்தியத்தைத் தின்றுவிடும். போன லித்தியம் திரும்பாது. எல்எஃப்பி 3.65 வோல்ட்டோடு நின்றுவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதற்கு வேறொரு சிக்கல் உண்டு. சார்ஜ் 80 சதவீதமானாலும் 40 சதவீதமானாலும் வோல்ட் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், மிச்சம் எவ்வளவு என்று காரின் கணினிக்குத் தெளிவாகத் தெரியாது. அவ்வப்போது 100 தொட்டால்தான் கணக்கு நேராகும். பல மாதம் தொடாமல் விட்டால், 12 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கார் திடீரென்று 3க்கு விழுந்து நடுரோட்டில் நிற்கும்.

படி 2: எல்லையும் நேரமும்

என்எம்சி என்றால் தினசரி எல்லையை 80 சதவீதத்தில் வையுங்கள். நெடும்பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100. எல்எஃப்பி என்றால் 80–90 போதும். கையேடு வேறு கணக்குச் சொல்லாதவரை வாரம் ஒருமுறை 100 வரை ஏற்றுங்கள்.

சார்ஜ் எப்போது முடிகிறது என்பதும் அதே அளவு முக்கியம். இரவு 8 மணிக்குச் செருகினால் விடியுமுன்னே நிரம்பிவிடும். மறுநாள் ஞாயிறு என்றால் பகல் முழுக்க அப்படியே உச்சத்தில் கிடக்கும். கிளம்பும் நேரத்தை ஒட்டி முடியும்படி டைமர் வைத்துவிடுங்கள். கணக்கு எளிது: 40 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரியை 30லிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 20 யூனிட் வேண்டும். வழியில் வீணாகும் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்தால் 22. 3.3 கிலோவாட் சார்ஜரில் இது 6 மணி 40 நிமிடம். காலை 7 மணிக்குக் கிளம்புபவர் நள்ளிரவு 12 மணிக்கு ஓடவிட்டால் சரியாக இருக்கும்.

சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடவேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்துப் பழக்கம். லித்தியத்துக்கு அது கேடு. 20க்குக் கீழே அடிக்கடி இறக்காதீர்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதே நல்லது.

படி 3: சூட்டைக் குறையுங்கள்

வெப்பம் 10 டிகிரி ஏறினால் உள்ளே நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. அதனால் நிழல் கிடைக்குமானால் இருநூறு அடி தள்ளியாவது நிறுத்துங்கள். மதியம் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஒன்றிரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள்.

திரவக் குளிரூட்டல் உள்ள காரில் முன்பக்க ரேடியேட்டரை மாதம் ஒருமுறை பாருங்கள். தகடுகளுக்கு இடையில் செத்த பூச்சியும் செம்மண்ணும் அப்பியிருந்தால் காற்று போகாது. மெதுவாகத் தண்ணீர் அடித்தால் போதும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். கூலன்ட் (குளிரூட்டும் திரவம்) குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது. பல பேட்டரிகளுக்கு மின்சாரம் எளிதில் கடத்தாத தனி வகைக் கூலன்ட் தேவை. அளவு குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது, சர்வீஸில் காட்டுங்கள்.

படி 4: ஃபாஸ்ட் சார்ஜிங்

பயணத்துக்கு மட்டும். 80 சதவீதம் வந்ததும் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வேகம் இறங்கிவிடும், காத்திருப்பதில் லாபமில்லை. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து உடனே செருகாமல், கடைசிப் பத்து நிமிடம் நிதானமாக ஓட்டி வாருங்கள்.

படி 5: ஊருக்குப் போகும்போது

இரண்டு வாரத்துக்கு மேல் கார் நிற்குமானால் 50 சதவீதம் அளவில், நிழலில் விடுங்கள். 100ல் விடுவதும் 5ல் விடுவதும் தவறு. கேமரா கண்காணிப்பு இருந்தால் அணையுங்கள். சின்ன 12 வோல்ட் பேட்டரியையும் மறக்க வேண்டாம். அது லெட் ஆசிட் வகை என்றால், ஓய்வில் மல்டிமீட்டர் 12.6 காட்டினால் நலம், 12.2க்குக் கீழே என்றால் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் கார் எழும்பாமல் போகலாம்.

படி 6: அளந்து பாருங்கள்

திரையில் வரும் கிலோமீட்டர் உங்கள் ஓட்டுமுறையை வைத்துப் போடும் உத்தேசம். அதை வைத்துப் பேட்டரியை எடை போடாதீர்கள். 90 சதவீதத்தில் டிரிப் மீட்டரைப் பூச்சியமாக்கி, 30 வரை ஓட்டுங்கள். இடையில் 16.2 யூனிட் செலவானால், ஓட்டியது 60 சதவீதம் என்பதால் அதை 0.6ஆல் வகுக்க, 27 யூனிட். இப்போது கையில் இருப்பது அவ்வளவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைக் குறித்து வையுங்கள். முதல் வருடம் சற்று வேகமாகக் குறைந்து பிறகு நிதானமாவது இயல்பு.

இலங்கையில் ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப் வாங்குபவர்களுக்கு இந்தச் சோதனை கட்டாயம். அந்தப் பழைய லீஃப் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. 2012ல் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் அது சீக்கிரமே கொள்ளளவு இழந்தது பெரிய செய்தியானது. மீட்டரின் வலது ஓரத்தில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகள் இருக்கும். முதல் கோடு மறையும்போதே சுமார் 15 சதவீதம் போயிருக்கும். விற்பவர் கணினியை ரீசெட் செய்து 12 கோட்டையும் காட்டவைக்க முடியும்; சில வாரங்கள் ஓட்டியதும் அது மறுபடி இறங்கும். கோட்டை எண்ணுவதோடு நிற்காமல், காரின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி அடாப்டரைச் செருகி, லீஃப் பேட்டரி நிலையைக் காட்டும் லீஃப் ஸ்பை என்ற செல்போன் ஆப்பில் பாருங்கள், கூடவே 90லிருந்து 30 வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் விலை பேசலாம்.