டிவி டிஷ் கம்பத்தில் ஸ்டார்லிங்க் பூட்ட வேண்டாம்: வீட்டில் பொருத்தும் முறை

எங்கள் வீடு முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம். பிரதான வீதியிலிருந்து கிரவல் றோட்டால் உள்ளே வரவேண்டும். கிணற்றடியில் நின்றால் போனுக்கு இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும், வீட்டுக்குள் வந்தால் அதுவும் இல்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள், பாதி வகுப்புகள் சூமில். மழைக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்து அவள் கணக்கு எழுதுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கியதும் பதிந்துவிட்டோம்.

இப்போது வீடு முழுக்க இணையம் ஓடுகிறது. ஆனால் பெட்டி வந்த நாளுக்கும் ஒழுங்காக ஓடத் தொடங்கிய நாளுக்கும் இடையில் பதினொரு நாள் போய்விட்டது. அதில் பத்து நாள் ஒரே காரணம்தான்: தட்டு, அதாவது செயற்கைக்கோளோடு பேசும் அன்டெனா, நின்ற இடம். அதனால் அந்தப் படியை மட்டும் நீட்டி எழுதுகிறேன், மற்றதெல்லாம் சுருக்கமாக.

1. பதிவு

ஸ்டார்லிங்க் இணையதளத்தில் அல்லது அவர்களின் ஆப்பில் பதியலாம். முகவரி கேட்கும். எங்கள் பக்கம் பல வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. வீதிப் பெயரை அடித்தால் குறி எங்கேயோ போய் நிற்கும். கூகுள் மேப்பில் உங்கள் கூரையைத் தேடிப் பிடித்து, அந்த இடத்துக்கு வரும் பிளஸ் கோடை (முகவரிக்குப் பதிலாக இடத்தைக் குறிக்கும் சின்னக் குறியீடு) எடுத்துப் போடுங்கள். வீட்டுப் பாவனைக்கான பக்கேஜ் அந்த இடத்தோடு சேர்ந்தது, ஆகவே குறி சரியாக இருக்கவேண்டும்.

காசு கட்டுவதற்கு முன் இரண்டாவது படியைச் செய்து பாருங்கள். நாங்கள் பதிந்தபோது சாமான் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். மரங்கள் வானத்தை மறைக்கும் காணியில் அவ்வளவு காசைக் கொண்டுபோய்ப் போடவேண்டாம்.

2. வானத்தைப் பார்ப்பது

டிவி டிஷ் பார்க்கும் செயற்கைக்கோள் பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழலும் அதே கணக்கில் சுற்றுகிறது. நமக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போலத்தான். ஆகவே இரண்டு தென்னைகளுக்கு இடையில் ஒரு சின்ன இடைவெளி சரியான திசையில் இருந்தால் போதும், டிவி ஓடும்.

ஸ்டார்லிங்கின் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய 500 கிலோமீற்றர் உயரத்தில் ஓடுகின்றன. நம் தலைக்கு மேலே வந்தது சில நிமிடங்களில் மறைந்துவிடும். 15 விநாடிக்கு ஒரு தடவை, எந்தச் செயற்கைக்கோளோடு பேசுவது என்பது புதிதாக ஒதுக்கப்படுகிறது. தட்டு அசையாது. உள்ளே வரிசை வரிசையாக இருக்கும் சிறிய அன்டெனாக்கள் சேர்ந்து அலையின் திசையை மாற்றிக்கொள்கின்றன. அதற்கு 110 பாகை அகலத்துக்கு வானம் திறந்திருக்கவேண்டும். ஒரு இடைவெளி போதாது, குடை விரித்த மாதிரி முழு வானமும் வேண்டும்.

இது விளங்காமல்தான், வீட்டுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே நின்ற டிவி டிஷ் கம்பத்திலேயே நான் தட்டைப் பூட்டினேன். உறுதியான கம்பம், டிவி பத்து வருடமாக அதில் ஓடுகிறது, வேறு இடம் ஏன் என்று நினைத்தேன். வேகம் அளந்தால் 150 மெகாபிட் காட்டியது. யூடியூப் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எல்லாம் சரி என்று படுத்துவிட்டோம்.

அடுத்த நாள் வகுப்பில் ஆசிரியர் ஒரு வளைகோட்டை வரைந்துகொண்டிருந்தார். பாதிக் கோட்டோடு படம் உறைந்தது. ஐந்தாறு விநாடி கழித்துப் பார்த்தால் கோடு முடிந்து, பக்கத்தில் சமன்பாடும் எழுதியாகிவிட்டது. "சேர் இப்ப என்ன சொன்னவர்?" என்று மகள் தோழிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டாள். ஒரு மணித்தியாலத்தில் இப்படி இருபது தடவை. யூடியூப் கொஞ்சத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் இந்த இடைவெளி அதில் தெரியாது. நேரடியாகக் கதைக்கும்போதுதான் தெரியும். ஆகவே யூடியூபை வைத்து இணைப்பை மதிப்பிடாதீர்கள். யாருக்காவது அரை மணித்தியாலம் வீடியோ கோல் எடுத்துப் பாருங்கள்.

அரை நாள் ஓடியதும் ஆப்பில் தடை வரைபடம் நிரம்பும். வானம் ஒரு கிண்ணம் மாதிரித் தெரியும். திறந்த இடம் நீலம், மறைந்த இடம் சிவப்பு. எங்கள் கிண்ணத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு, தென்னோலையின் வடிவம்கூடத் தெரிந்தது. தட்டில் ஒரு பிழையும் இல்லை, இடம்தான் பிழை.

சரியான முறை இது. ஆப்பில் தடைகளைப் பார்க்கும் பகுதி இருக்கிறது. தட்டு வாங்காமலும் அதைப் பயன்படுத்தலாம். போன் கமராவை வானத்துக்குக் காட்டி மெதுவாகச் சுற்றவேண்டும். முக்கியம்: தட்டு எந்த உயரத்தில் நிற்கப்போகிறதோ அந்த உயரத்துக்கு ஏறி நின்று சுற்றுங்கள். முற்றத்தில் நின்று பார்த்தால் வீடே பாதி வானத்தை மறைக்கும். நான் முற்றம், கூரை முகடு, தண்ணீர்த் தாங்கி என்று மூன்று இடங்களில் எடுத்தேன். தாங்கிக் கோபுரத்தின் மேல் மட்டும்தான் வானம் சுத்தமாக வந்தது. மழை ஈரத்தில் ஏறாதீர்கள், கீழே ஒருவர் ஏணியைப் பிடிக்கட்டும்.

3. கம்பம்

ஜீஐ பைப்தான் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) என் தெரிவு. பிவிசி பைப்புக்குள் கொங்கிறீற் நிரப்பினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது ஆடும், நான் அதை ஏற்கமாட்டேன். பெட்டிக்குள் வரும் கால் நிலத்தில் வைப்பதற்குத்தான். கம்பத்துக்கு வேறாக பைப் அடப்டர் வாங்கவேண்டும். ஆணி, போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு.

திசையைப் பற்றி அயலவரிடம் கேட்கவேண்டாம். தட்டை இயக்கியதும் எந்தப் பக்கம் எவ்வளவு திருப்புவது என்று ஆப்பே காட்டும். அதன்படி திருப்பிவிட்டு இறுக்குங்கள்.

4. கேபிள்

கேபிள் 15 மீற்றர். தாங்கியிலிருந்து வீட்டுக்குள் வர எங்களுக்கு மட்டுமட்டாகப் போதுமாக இருந்தது. போதாவிட்டால் நீளமானது தனியாகக் கிடைக்கிறது. வெட்டி ஒட்டாதீர்கள். சுவரில் துளை போடுவதற்கு முன் கேபிளை அளக்காமல் அதன் முனையில் இருக்கும் பிளக்கை அளந்து கொள்ளுங்கள், அது கேபிளைவிடப் பெரியது. சுவருக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வராமல் வளைவிலிருந்து சொட்டிவிடும்.

இன்னொன்று. பிளக் தட்டுக்குள் போய்விட்டது போலத் தெரியும், ஆனால் போயிருக்காது. பெருவிரலால் பலமாக அமர்த்துங்கள். விளிம்பு மட்டமாக வந்தால்தான் முழுதாகப் போயிருக்கிறது. இல்லாவிட்டால் இணைப்பும் வராது, தண்ணீரும் உள்ளே போகும். இதற்காக நான் இரண்டாவது தடவை தாங்கியில் ஏறினேன்.

5. முதல் இயக்கம்

ரவுட்டரில் தட்டின் படம் போட்ட துளைக்குள் கேபிளைச் செருகி, கறண்டைப் போட்டுவிட்டு அரை மணித்தியாலம் தொடாதீர்கள். அது தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு தானாகவே ஒரு தடவை நின்று எழும்பும். அந்த நேரத்தில் கழற்றிக் கழற்றிப் போட்டால் இன்னும் தாமதம்தான். அப்புறம் போனில் ஸ்டார்லிங்க் என்ற வைஃபையைத் தொட்டு, உங்கள் பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள்.

உள் அறையில் வேகம் குறைந்தால் தட்டைச் சந்தேகிக்கவேண்டாம். ஆப்பில் உள்ள வேகச் சோதனை, ரவுட்டர் வரை எவ்வளவு, ரவுட்டரிலிருந்து போனுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். எங்கள் பழைய வீட்டின் தடித்த சுவரில்தான் பாதி வேகம் போனது. சுவர் சொக்கெற்றில் குத்தும் ரிப்பீற்றர்களை நான் விரும்புவதில்லை. ரவுட்டரின் பின்னால் மூடியால் மறைந்த இரண்டு லான் துளைகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து வயர் இழுத்து உள் அறையில் பழைய ரவுட்டரை அக்சஸ் பொயின்ற்றாக, அதாவது அந்த அறைக்கு வைஃபை கொடுக்க மட்டும், வைத்தேன். அன்றிலிருந்து குறையில்லை.

6. கறண்டும் இடியும்

இந்தத் தட்டு 75 முதல் 100 வாட் வரை எடுக்கும். கணினிக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் எங்களுக்கு அரை மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. 12 வோல்ற் 100 ஆம்பியர் மணி ஈய பற்றரியும் இன்வெர்ட்டரும் இருந்தால், பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் ஐந்து மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓட்டலாம். கொட்டும் மழையில் இணைப்பு சில நிமிடம் அறும், மேகம் விலக வந்துவிடும்.

ஐப்பசி இடிமழைக் காலத்தில் கவனம் வேண்டும். கம்பத்துக்கு எர்த் அடியுங்கள். இடி கிட்ட வந்தால் கறண்ட் பிளக்கையும் தட்டுக் கேபிளையும் ரவுட்டரிலிருந்து கழற்றுங்கள், ஒன்றை மட்டும் கழற்றுவது காணாது. தாங்கிக்கு மேல் நிற்பது காணியிலேயே உயரமான இரும்பு.

சேர்த்தது: மன்னாரிலிருந்து ஒருவர், மினி என்ற சிறிய வகைத் தட்டைச் சோலர் பற்றரியில் கொடுத்தால் அடிக்கடி அணைந்து எழும்புகிறது என்று எழுதியிருந்தார். மினி 12 முதல் 48 வோல்ற் வரை ஏற்கும். ஆனால் மெல்லிய வயரில் பத்து மீற்றர் இழுத்தால் தட்டுக்குப் போய்ச் சேரும்போது 12க்குக் கீழே இறங்கிவிடும். பற்றரிக்குப் பக்கத்தில் 24 வோல்ற்றாக உயர்த்தும் ஒரு சின்னக் கொன்வேட்டரைப் போட்டு அனுப்பச் சொன்னேன். இப்போது நிற்காமல் ஓடுகிறதாம்.

மீண்டும் சேர்த்தது: பலர் கேட்பது சிசிடிவி. ஸ்டார்லிங்க் வீட்டு இணைப்பில் உங்களுக்கென்று தனியான பொது ஐபி எண் கிடையாது, பலருக்கு ஒன்றுதான். ஆகவே போர்ட் திறந்துவிட்டு வெளியிலிருந்து கமராவைப் பார்க்கும் பழைய முறை வேலை செய்யாது. கமரா பதிவுப் பெட்டியில் உள்ள கியூஆர் கோடை அந்தக் கம்பனியின் ஆப்பில் ஸ்கான் செய்து பார்க்கும் வகையாக இருந்தால் பிரச்சினை இல்லை. அந்த வசதி இல்லாத பழைய பெட்டி என்றால், எப்போதும் ஓடும் ஒரு கணினியில் டெயில்ஸ்கேலை (தூரத்துக் கருவிகளை ஒரே நெட்வேர்க்கில் இருப்பது போல இணைக்கும் மென்பொருள்) போட்டு, வீட்டு நெட்வேர்க்கை அதன் வழியாகப் பகிரும்படி அமைத்து, போனிலும் அதையே போடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி இப்போது இந்த வழியில்தான் எங்கள் வாசலைப் பார்க்கிறான்.