சிரட்டைத் தூள் ஸ்க்ரப் வீட்டிலேயே செய்யலாம்: மண்ணை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்

போன வருடம் வீட்டில் கிடந்த ஒரு பழைய ஃபேஸ் ஸ்க்ரப் ட்யூபை எடுத்துப் பின்பக்கம் படித்தேன். பொருட்கள் பட்டியலில் மூன்றாவதாக ‘பாலிஎத்திலீன்’ என்று இருந்தது. நெறுநெறுவென்று கையில் உருளும் அந்த நீல மணிகள் வேறொன்றுமில்லை, பிளாஸ்டிக். தண்ணீரைவிட லேசானது, மிதந்துகொண்டே போகும். எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் ஓடைக்குப் போகிறது, ஓடை கடலுக்குப் போகிறது. நடந்தே போனால் இருபது நிமிடத்தில் கடல். அமெரிக்கா 2015-லேயே இந்த மணிகளுக்குத் தடைச் சட்டம் போட்டுவிட்டது, பிரிட்டன் 2018-ல் தடுத்தது. என் ட்யூப் அதற்கெல்லாம் முந்தைய சரக்காக இருக்கலாம். குப்பையில் போட்டேன்.

மாற்று என்னவென்று தேடியபோது சிரட்டைத் தூள் என்று வந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் காசு கொடுத்து வாங்குவதா என்று ரோஷம் வந்துவிட்டது. (வெளியூர்க்காரர்களுக்கு: சிரட்டை என்றால் கொட்டாங்குச்சி.) ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரட்டையில், மரத்துக்குக் கடினம் தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம். அதனால் அது மட்கும், ஆனால் நிதானமாகத்தான் மட்கும். வாழையிலைபோல ஒரு மாதத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

சிரட்டை

நன்றாக விளைந்த தேங்காயின் சிரட்டை வேண்டும். இளநீர்க் கூடு உதவாது. ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்கக் கட்டியிருந்த பழைய சிரட்டை சும்மா கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். அதில் ஒட்டுப்பால் இருக்கும், ரப்பர் பால் சிலருக்கு ஒவ்வாமை தரும். கொசுவத்திக்கும் பிளைவுட் பசைக்கும் சேர்க்கிற மூட்டைத் தூளும் வேண்டாம். அது தோலில் தேய்ப்பதற்கென்று சுத்தம் செய்ததல்ல.

வெளியே உள்ள தும்பை (நாரை) உடைந்த கண்ணாடித் துண்டாலோ உப்புத்தாளாலோ ஒன்றுவிடாமல் சுரண்டுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயையும் எடுத்துவிடுங்கள். கொஞ்சம் விட்டாலும் பத்து நாளில் சிக்கு வாடை வரும். பிறகு வெந்நீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, கழுவி, உணக்கி (காயவைத்து), சுத்தியலால் உடைத்து, இடிகல்லில் துவரம்பருப்பு அளவுக்கு இடித்துக்கொள்ளுங்கள்.

பொடிப்பது

மாவு மில்லில் கேட்டுப் பார்த்தேன். மில்காரர் என்னைப் பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டேன். மிக்ஸியின் சட்னி ஜார்தான் கதி. ஒரு தடவைக்கு இரண்டு ஸ்பூன், இருபது விநாடி ஓட்டம், அப்புறம் ஓய்வு. மோட்டார் சூடானால் நிறுத்துங்கள். பிளேடு மழுங்கும், ஜார் கீறல் விழும், அதனால் பழைய ஜாராகப் பாருங்கள். மூக்கையும் வாயையும் மூட மாஸ்க் கட்டாயம். அந்தத் தூள் புகைபோல எழும்பும்.

அரிப்பது

எங்கள் பக்கம் சல்லடைக்கு ‘அரிப்பு’ என்றும் பெயர். அரிப்பு சரியில்லை என்றால் தோலில் இன்னொரு அரிப்பு வரும் என்பதை அனுபவித்தே சொல்கிறேன். டீ வடிகட்டியும் மாவுச் சல்லடையும் போதாது. இரண்டு ஸ்டீல் சல்லடை வாங்குங்கள்: 60 மெஷ் ஒன்று, 100 மெஷ் ஒன்று. மெஷ் என்பது ஓர் அங்குலத்துக்குள் எத்தனை கண் என்ற கணக்கு. 60 மெஷ் கண் ஏறத்தாழ 250 மைக்ரான், 100 மெஷ் 150 (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அறுபதில் இறங்கி நூறில் நிற்பதுதான் நமக்கு வேண்டியது. நூறிலும் இறங்கிப்போகும் பொடி தேய்க்க உதவாது, தோலில் சேறுபோல அப்பிக்கொள்ளும்.

சல்லடையைத் தட்டாதீர்கள், படுக்கையாக ஆட்டுங்கள். தட்டினால் ஊசிபோல நீளமாக உள்ள சிம்புகள் எழுந்து நின்று கண் வழியே நழுவிவிடும். அரித்த தூளை அம்மியில் போட்டு லேசாக இழைத்துவிட்டு மறுபடி அரித்தால் முனைகள் மழுங்கியிருக்கும். மிக்ஸி வந்த பிறகு அம்மியைத் தூக்கிப் போட்டவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வருத்தப்படலாம்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் முதல் தூள் என் முழங்கையைக் கீறியது. சிவந்து, மறுநாள் எரிச்சல். சிம்புதான் காரணம் என்று இன்னும் இரண்டு முறை அரித்தேன். அதே கீறல். சிரட்டையே சரிப்படாது என்று முடிவுகட்டப் பார்த்தேன்.

அம்மா ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் உரசிப் பார்த்தாள். “மக்ளே, இத எங்க வச்சு உணக்குன?” என்றாள். மொட்டைமாடியில், பாயில். “ஆடிக் காத்துல முத்தத்துல வச்சாலே மண்ணு விழும், நீ மாடியில வச்சிருக்க. அரிசி அரிக்கிற மாதிரி அரிச்சுப் பாரு.”

ஒரு வெள்ளைத் தட்டில் தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கல் அரிப்பதுபோலச் சுழற்றிச் சுழற்றிச் சாய்த்தேன். சிரட்டைத் தூள் தண்ணீரோடு போனது. தட்டின் அடியில் ஒரு கோடு மிச்சம், பாதி கறுப்பு, பாதி மாதுளை நிறம்.

எங்கள் ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். இங்குள்ள கடல் மணலில் இல்மனைட், மோனசைட், சிர்க்கான், கார்னெட் என்ற கனிமங்கள் எல்லாம் உண்டு. அவற்றைப் பிரித்தெடுக்கவே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை அங்கே இருக்கிறது. கன்னியாகுமரியில் பொட்டலம் போட்டு விற்கும் கலர் மண்ணில் வருகிற சிவப்பும் கறுப்பும் இதே வகைதான். தட்டில் மாதுளை நிறத்தில் மிஞ்சிய கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் அளவுக்குக் கடினமானது. ஆக, நான் முழங்கையில் தேய்த்துக்கொண்டது உப்புத்தாளை. இந்த மணல் சல்லடையில் பிரியாது, ஏனென்றால் பருமனில் அது நம் தூளுக்குச் சமம். எடையில்தான் வித்தியாசம். சிரட்டை தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், கார்னெட் கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதனால் தண்ணீரில் அரித்தால் மட்டுமே பிரியும்.

எனவே நீங்கள் எந்த ஊரானாலும் சிரட்டையை வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே உணக்குங்கள். கடைசியில் தட்டு அரிப்பைக் குறைந்தது மூன்று முறை செய்யுங்கள், அடியில் ஒரு பொட்டு மண்கூட மிஞ்சாத வரை. சாய்த்த தண்ணீரைத் துணியில் வடிகட்டித் தூளைப் பிழிந்து, விசிறியடியில் ஒரு நாள் விட்டு, அடிகனமான சட்டியில் மிகச் சிறு தீயில் ஈரம் போகும்வரை கிண்டுங்கள். கருகவிட்டால் கரி வாடை போகவே போகாது. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் ஆறியதும் இறுக்கமான பாட்டிலில் அடைத்துவிடுங்கள்.

கலப்பது

சிறுபயறு மாவு 20 கிராம், சிரட்டைத் தூள் 1 கிராம், விருப்பமிருந்தால் ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள். அவ்வளவுதான். உலர்வாகவே வைத்துக்கொண்டு, குளிக்கும்போது உள்ளங்கையில் தண்ணீர்விட்டுக் குழைத்துத் தேயுங்கள். முதலில் முன்கையின் உட்புறம் ஒரு முறை போட்டுப் பார்த்து, ஒரு நாள் பொறுங்கள். குதிகால், முழங்கை, முழங்கால், முதுகு இவற்றுக்கு வாரம் ஒரு முறை போதும். முகத்துக்கு நான் போடுவதில்லை, யாருக்கும் சொல்வதுமில்லை. முகத்துக்கு வெறும் பயறு மாவே தாராளம். பருவும் புண்ணும் உள்ள இடத்தில் எதையுமே தேய்க்காதீர்கள்.

பின்சேர்க்கை 1: பன்னீரில் குழைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன், ஆறாம் நாள் பூஞ்சை பிடித்துவிட்டது என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். மாவும் தண்ணீரும் சேர்ந்தால் பிடிக்கத்தான் செய்யும். உலர்வாக வைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

பின்சேர்க்கை 2: தேங்காயெண்ணெய் சோப்பில் போட்டால் தூள் முழுதும் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கலவை நீர்த்த தோசைமாவு மாதிரி இருக்கும்போது போட்டிருப்பீர்கள். எண்ணெயும் காரக் கரைசலும் கலந்து கெட்டியாகத் தொடங்கும், சோப்புக்காரர்கள் ‘ட்ரேஸ்’ என்று சொல்லும் பதம் வந்தபிறகும் இன்னும் கொஞ்சம் கிண்டி, கரண்டியால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்கிற இட்லிமாவுப் பதத்தில் தூளைச் சேர்த்து உடனே அச்சில் ஊற்றுங்கள். தூளை முதலில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் குழைத்துக்கொண்டால் கட்டி பிடிக்காது. நேற்று நானே ஒரு பாளம் ஊற்றி இன்று வெட்டினேன். மேலிருந்து அடிவரை ஒரே மாதிரி புள்ளி.